ஓசின்னா ஓசிதான்

காலேஜ் கேன்டீனுக்குப் போகும் வழியில் அந்தப் போஸ்டரைப் பார்த்ததும் வான்மதிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ‘மத்தியதரைக்கடல் உணவும் நடையும் வாழ்வும். கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் மூன்று வாரக் கோடைப் படிப்பு. வடிவமைத்து நடத்துபவர் பேராசிரியர் பிரீத்தா டென்னிஸ்.’ மேலே ஒரு படம். கூடை நிறைய மலைக்கீரை, அந்தக் கூடையைப் பிடித்திருக்கும் ஒரு கறுப்பு உடைக்காரியின் கைகள். படத்தை எடுத்தவளே வான்மதிதான். ‘சீக்கிரம் எடு, கை வலிக்கிறது’ என்று அந்தக் கைக்காரி கலியோப்பி திட்டியதுகூட அவளுக்கு மறக்கவில்லை. படிப்பைத் திருடியது போதாது என்று படத்தையுமா ஒருத்தி திருடுவாள்? கொஞ்சமாவது கூச்சநாச்சம் வேண்டாமா மனுஷிக்கு!

விஷயம் இதுதான். வான்மதி அந்த நியூஜெர்சி காலேஜில் ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கும் பகுதிநேர ஆசிரியை. கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து, செழியனைக் கட்டிக்கொண்டு வெஸ்ட் வின்ட்சரில் குடியேறியவள். இரண்டு கோடை விடுமுறைகளை அவள் கிரீட் தீவின் மலைக்கிராமம் ஒன்றில், கலியோப்பி என்ற நடுத்தர வயதுக்காரியின் வீட்டு மாடி அறையில் தங்கிக் கழித்தாள். அந்த ஊர்க்காரர்கள் ‘விலீத்தா’ என்று சொல்லிப் பறித்து, வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் பிழிந்து தின்பது வேறொன்றுமில்லை, நம் முளைக்கீரையேதான் என்று கண்டுபிடித்த அன்று அவள் குழந்தை மாதிரி குதித்தாள். அந்தக் கீரையிலிருந்துதான் படிப்பே முளைத்தது. காலையில் மலையேறிக் கீரை பறிப்பது, பகலில் கலியோப்பியோடு சமைப்பது, மாலையில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது. ஜிம் என்ற சொல்லையே அறியாத அந்த ஜனங்களின் உடம்பு எப்படி அவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை மாணவர்கள் நடந்தும் தின்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் பாடம் எழுதியவள் வான்மதி, பாதை போட்டவள் வான்மதி, கலியோப்பியைச் சம்மதிக்க வைத்தவளும் வான்மதி.

ஆனால் பகுதிநேரக்காரர்கள் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது என்பது காலேஜ் விதி. அங்கேதான் பிரீத்தா தேனொழுக வந்தாள். அதே துறையில் நிரந்தர வேலை, நாகர்கோவில்காரி, வான்மதியைவிட நாலைந்து வயது மூத்தவள்.

“வானு, என் பேர்ல சப்மிட் பண்ணிடலாம். நீ கோ-லீடர். அப்ரூவ் ஆனதும் உன் பேரையும் சேர்த்துடலாம். என்ன, என்னை நம்ப மாட்டியா?”

“என்னக்கா இப்படிக் கேக்கறீங்க!” என்றாள் வான்மதி. அக்காவாம் அக்கா! அந்தச் சொல்லை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

போஸ்டரைப் பார்த்த கையோடு பிரீத்தாவின் அறைக்குப் போனாள். பிரீத்தா முகம் மாறவேயில்லை.

“டீன் ஆபீஸ்லயே அப்படிப் போட்டுட்டாங்க வானு. ஃபுல்-டைம் பேர் மட்டும்தான் வரணுமாம். நான் ரொம்ப ஃபைட் பண்ணிப் பார்த்தேன்.”

“சரி, கோ-லீடர்?”

“அதுவும்... ஸ்டூடன்ட்ஸ் சேஃப்டிக்கு ஒரு ஜென்ட்ஸ் இருந்தா நல்லதுன்னு பேச்சு வந்துச்சு. டென்னிஸ் லீவ் போட்டுட்டு வர்றேன்னார். நெக்ஸ்ட் இயர் கண்டிப்பா நீதான், ப்ராமிஸ்.”

டென்னிஸ்! வீட்டு வாசல் தபால்பெட்டிக்கே கார் எடுக்கிற அவள் புருஷன்! நடையும் வாழ்வும் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் அவர்! வான்மதிக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. அதற்கு மேலேயும் ஒன்று கேட்டாள் பிரீத்தா.

“கலியோப்பி நம்பர் வாட்ஸ்ஆப் பண்ணிடு, என்ன? அப்படியே நாலு வார்த்தை கிரீக் சொல்லிக்குடேன்.”

கொடுத்தாள். கொடுக்காவிட்டால் பொறாமைக்காரி என்று காலேஜ் முழுக்கப் பேர் வாங்கியிருப்பாள். காலை வணக்கம், நன்றி, தண்ணீர், ரொட்டி என்று சொல்லிக்கொடுத்தாள். ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டையும் வேண்டுமென்றே விட்டுவிட்டாள். இல்லை என்று சொல்லக்கூடத் தெரியாமல் அங்கே போய்ப் பட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு சின்னக் குரூரம். அப்போதைக்கு அவ்வளவுதான்.

“விட்டுத் தொலை வான்மதி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றான் செழியன்.

“விடறதா? அவ மூக்கு உடையறதை என் கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் எனக்குத் தூக்கமே கிடையாது” என்றாள் வான்மதி. சொன்னபடியே ஒழுங்காகத் தூங்கவும் இல்லை.

ஜூன் மாதத்தில் பிரீத்தாவும் டென்னிஸும் ஒரு கூட்டம் மாணவர்களோடு விமானம் ஏறினார்கள். அடுத்த சனிக்கிழமை வான்மதி ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடை ஒன்றில் முளைக்கீரைக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கீரை வாடியிருந்தது. கடைக்காரரோடு அதற்குச் சண்டை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

“வானு! எப்படி இருக்க? இங்க சூப்பரா இருக்கு. ஆனா ஒரு டவுட். இங்க எதுக்கெடுத்தாலும் ‘ஓசி, ஓசி’ன்னு சொல்றாங்களே, நம்ம ஓசியா அது?”

வான்மதி கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

“எப்பச் சொன்னாங்க?”

“நேத்து ஒரு கடையில காபி குடிச்சோம். காசு குடுத்தா அந்த ஆள் கையைத் தள்ளிட்டு ‘ஓசி, ஓசி’ங்கறார். வாங்கவே இல்லை. டென்னிஸ் சொல்றார், தமிழும் கிரீக்கும் அந்தக் காலத்துல கப்பல்ல போய் வந்த பாஷைங்க, அதனாலதான் ஒரே வார்த்தைன்னு. அப்படியா?”

அந்தத் தீவின் பேச்சில் அதற்கு ‘இல்லை, வேண்டாம், கூடாது’ என்று அர்த்தம். ஏதென்ஸில் ‘ஓஹி’ என்பார்கள், இந்தத் தீவுக்காரர்கள் நாக்கில் அது ‘ஓஷி’ ஆகும், தமிழ்க்காதில் விழும்போது சாட்சாத் ஓசிதான். காபிக்கடைக்காரர், ‘விருந்தாளி நீ, காசெல்லாம் வேண்டாம்’ என்றிருக்கிறார், பாவம். முதல்முறை போனபோது வான்மதியும் இதே குழியில் விழுந்தவள்தான். கலியோப்பிதான் விளக்கிச் சொன்னாள். தமிழில் ஓசி என்றால் என்ன என்று வான்மதி பதிலுக்குச் சொல்ல, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரே ஒரு சொல். ‘இல்லக்கா’ என்றால் முடிந்தது. வான்மதி போனை இன்னும் கொஞ்சம் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஆமாக்கா” என்றாள். “ஓசின்னா ஓசிதான். அங்க விருந்தாளிகிட்ட எதுக்கும் காசு வாங்க மாட்டாங்க. ஓசின்னு சொன்னாங்கன்னா தாராளமா எடுத்துக்கலாம். எடுக்கலைன்னாத்தான் கோவிச்சுப்பாங்க.”

“அய்யோ, எவ்ளோ ஸ்வீட் பீப்பிள்! தாங்க்ஸ்டா வானு.”

போனை வைத்ததும் வான்மதிக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாடின கீரையையே இரண்டு கட்டு வாங்கினாள். கடைக்காரரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். காரை ஓட்டிக்கொண்டு வரும்போது பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களெல்லாம் அவளுக்குத் திருவிழாதான். பிரீத்தா படம் படமாக அனுப்பினாள். யாரோ ஒருவருடைய தோட்டத்து ஆப்ரிகாட் மரத்தில் மாணவர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ‘மரத்துக்காரர் ஓடி வந்து ஓசி ஓசின்னு கத்தினார், இவ்ளோ பாசமான மனுஷங்களை நான் பார்த்ததே இல்லை’ என்று கீழே எழுதியிருந்தாள். இன்னொரு படத்தில் டென்னிஸ் மடி நிறைய எலுமிச்சம்பழத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். அவள் ஆசீர்வாதம் பண்ணவில்லை என்பது வான்மதிக்குப் படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். எடு, இன்னும் எடு. ஊரே திரண்டு உன்னை விரட்டட்டும். அடுத்தவள் உழைப்பை ஓசியில் எடுத்தவள்தானே நீ, எலுமிச்சை என்ன கணக்கு!

“அந்த அம்மாவுக்கு இது கஷ்டமா இருக்காதா? கலியோப்பிக்கு?” என்று செழியன் ஒருநாள் கேட்டான்.

“அவளுக்கு என்ன? நாலு பேர் வந்து புகார் சொல்லுவாங்க. அவ இவளைப் பிடிச்சுத் திட்டுவா. திட்டட்டும்னுதானே நான் உட்கார்ந்திருக்கேன்.”

பிறகு திடீரென்று படங்கள் நின்றுவிட்டன. ஒரு திங்கட்கிழமை டென்னிஸ் போன் பண்ணினார். வழக்கமாக வளவளவென்று பேசுகிற மனுஷன், அன்று குரலே எழும்பவில்லை.

“வான்மதி, ஒரு தப்பு நடந்து போச்சும்மா.”

மலையில் நடந்துவிட்டு எல்லாரும் பசியோடு கலியோப்பி வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். கூடத்து மேஜையில் ஒரு பெரிய தாம்பாளம். வேகவைத்த கோதுமையும் மாதுளையும் பாதாமும் கலந்து, மேலே வெள்ளைவெளேரென்று சர்க்கரைப்பொடி தூவி, நடுவில் சிலுவை போட்டு, இரண்டு எழுத்து எழுதியிருந்தது. சிலுவை இருந்ததால் ஏதோ கோயில் திருவிழாப் பலகாரம் என்று பிரீத்தா நினைத்தாளாம். எடுக்கலாமா என்று சைகையில் கேட்டிருக்கிறாள். கலியோப்பி அடுப்படியிலிருந்து ‘ஓசி! ஓசி!’ என்று அலறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். ‘பார்த்தீங்களா, எவ்வளவு ஆசையாக் கூப்பிடறாங்க, எல்லாரும் எடுத்துக்கோங்க’ என்று பிரீத்தா சொல்ல, அத்தனை கரண்டியும் தாம்பாளத்தில் இறங்கிவிட்டது.

“அது அவங்க ஹஸ்பண்டுக்குச் செஞ்சதாம்மா. செத்து மூணு வருஷம். மறுநாள் சர்ச்சுல ஃபாதர் மந்திரிச்ச பிறகுதான் யாருமே தொடணுமாம். அந்தம்மா தரையில உட்கார்ந்துட்டாங்க. எங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியலை.”

வான்மதிக்கு ஒரு கணம் உடம்பு கூசியது. படையலில் கை வைப்பது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபியில் அவள் அப்பாவுக்கு இலை போட்டிருக்கும்போது காக்கை வருவதற்கு முன் ஒரு பருக்கையை யாராவது தொட்டிருந்தால் கொலையே விழுந்திருக்கும். ஆனால் அந்தக் கூச்சத்தை அவள் அப்படியே ஓர் ஓரமாகத் தள்ளினாள். நானா தின்றேன்? கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டவள் அவள்தானே? மூக்கு உடைந்ததா இல்லையா? உடைந்தது. நன்றாக உடைந்தது.

“அச்சச்சோ. நான் என்னண்ணா பண்ண முடியும் இங்கிருந்து?” என்றாள்.

மாணவர் ஒருவர் அதையெல்லாம் வீடியோ எடுத்திருந்தார். அது ஊரெல்லாம் சுற்றிக் காலேஜ் வரை வந்து சேர்ந்தது. அவர்கள் திரும்பி வந்த வாரமே டீன் கூட்டம் போட்டார். வான்மதியையும் கூப்பிட்டார்கள், தீவைத் தெரிந்தவள் என்று. பிரீத்தா கறுத்துப்போயிருந்தாள், இளைத்தும் இருந்தாள். ‘இவதான் தப்பாச் சொல்லிக்குடுத்தா’ என்று எந்த நிமிஷமும் விரல் நீளும் என்று வான்மதி பதிலைக் கூர்தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ‘போன் சரியாகக் கேட்கவில்லை’ என்று சொல்வதாக ஏற்பாடு.

“அந்தச் சொல்லை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன். வேறு யார்மேலும் பழி இல்லை” என்றாள் பிரீத்தா.

வான்மதியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. பயந்துவிட்டாள், வாயைத் திறந்தால் திருடிய கதையும் வெளியே வருமே என்று நடுங்குகிறாள் என்று வான்மதி நினைத்துக்கொண்டாள். படிப்பைப் பிரீத்தாவிடமிருந்து எடுத்துவிடுவதாக டீன் சொன்னார். விதியைத் தளர்த்தி அடுத்த கோடையில் வான்மதியே, தன் பேரிலேயே நடத்தலாம், அந்தக் குடும்பம் திரும்பச் சம்மதித்தால் போதும் என்றார். எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் வான்மதி காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, ‘அப்படிப் போடு!’ என்று ஸ்டியரிங்கில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

மறுநாள் காலையில் கலியோப்பிக்கு வீடியோவில் போன் செய்தாள். பாதி கிரேக்கத்திலும் பாதி உடைந்த ஆங்கிலத்திலும் இருவரும் பேசிக்கொள்வது வழக்கம். கலியோப்பி முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“கலியோப்பி, நடந்ததெல்லாம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமாக இருக்கிறது. இனி கவலைப்படாதே. அடுத்த கோடையில் நானே வருகிறேன்.”

கலியோப்பி நிமிரவில்லை. “அந்தச் சொல்லை நீதானே அவளுக்கு அப்படிச் சொன்னாய்?”

வான்மதிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஆத்திரம் வந்தது. போஸ்டரில் ஆரம்பித்து, தன் பெயரை எடுத்தது, டென்னிஸை ஏற்றிக்கொண்டது, படத்தைத் திருடியது வரை மூச்சுவிடாமல் கொட்டினாள்.

“தெரியும்” என்றாள் கலியோப்பி. “அவளே சொன்னாள்.”

“என்ன சொன்னாள்?”

“உன்னை ஏமாற்றினாளாம். அதற்குத்தான் நீ இப்படிச் செய்திருக்கிறாயாம். உன்மேல் கோபப்பட வேண்டாம் என்றாள். மறுநாள் விடியும்போதே கோதுமையோடு வாசலில் வந்து நின்றாள். நான் கதவைச் சாத்தினேன். போகவில்லை. மத்தியானம்வரை வெயிலில் நின்றாள். பிறகு பூசையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்து, இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி வேகவைத்தோம். என் புருஷன் பெயரின் முதலெழுத்துகளை அவள்தான் பாதாமில் வைத்தாள். பூசை முடிந்ததும் கல்லறைக்கு வந்தாள். அவள் புருஷன் கீழேயிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வந்தான், அவள் கல்லைக் கழுவினாள், புல்லைப் பிடுங்கினாள், மெழுகுவர்த்தி வைத்தாள். அவள் ஊரில் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் இப்படித்தான் செய்வார்களாம்.”

“நாடகம்!” என்றாள் வான்மதி. குரல் கிறீச்சிட்டது. “அவள் நன்றாக நடிப்பாள், உனக்குத் தெரியாது!”

“இருக்கலாம். ஆனால் ஊருக்குக் கிளம்புகிறவரை தினமும் கல்லறைக்கு வந்தாள்.” கலியோப்பி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “நீ இரண்டு கோடை என் வீட்டில் இருந்தாய். சனிக்கிழமை சாயங்காலம் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?”

“கல்லறைக்கு. விளக்கேற்ற.”

“ஒரு நாளாவது கூட வந்தாயா?”

அந்த நேரத்தில்தான் வான்மதி மாடியில் உட்கார்ந்து, கிராமத்து ஜனங்களின் வாழ்வு என்ற தலைப்பில் பாடக்குறிப்பு எழுதுவாள்.

“என் புருஷன் பெயர் என்ன?”

அந்த மலையில் முளைக்கும் அத்தனை கீரைக்கும் வான்மதிக்குப் பெயர் தெரியும். இது தெரியவில்லை.

“உன் மாணவப் பிள்ளைகளை வேறு ஊருக்கு அழைத்துப் போ” என்றாள் கலியோப்பி. கோபமே இல்லாத குரல். “நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள், கடித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. ஆனால் அதை அவனுக்கு வைத்த தட்டிலா வைப்பாய்?”

திரை இருண்டது. அவமானம் வான்மதியை ஒரு பக்கம் பிடுங்கியது. அதைவிட, பிரீத்தாமேல் இருந்த ஆத்திரம் இன்னும் பத்து மடங்காகப் பொங்கியது. படிப்பை எடுத்தாள், படத்தை எடுத்தாள், இப்போது கலியோப்பியையும் எடுத்துக்கொண்டாள். அதற்கு வழி போட்டுக்கொடுத்தவள் தானேதான் என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காவிட்டால் என் பெயர் வான்மதி இல்லை என்று கறுவிக்கொண்டே பிரீத்தாவின் நம்பரை அழுத்தினாள்.

“சொல்லு வானு.”

திட்ட வேண்டும் என்று வைத்திருந்த அத்தனையும் மறந்துபோயிற்று. வேறொன்றுதான் வெளியே வந்தது.

“அவர் பேர் என்னக்கா? கலியோப்பி ஹஸ்பண்ட் பேர்?”

பிரீத்தா பேசினாள், என் பேரில் சப்மிட் பண்ணிடலாம் என்று அன்றைக்குச் சொன்னாளே, அதே தேன் குரலில்.

“கோர்ஸ் உனக்கே வந்துடுச்சே, கங்கிராட்ஸ். வேற எது வேணும்னாலும் கேளு வானு. அந்தப் பேரை மட்டும் நான் உனக்குச் சொல்ல மாட்டேன்.”